புகையில்லாப் போகி

எங்கள் குடியிருப்பு வாசலில் ஒரு புங்கை மரம், அதனடியில் ஓர் இஸ்திரி வண்டி. அந்த வண்டிக்காரி துணியில் எண் போட மாட்டாள், நூல் கட்ட மாட்டாள், சீட்டும் எழுத மாட்டாள். அறுபத்தி நாலு வீட்டுத் துணியும் ஒரே குவியலாகக் கிடக்கும். சாயங்காலம் பார்த்தால் அவரவர் மூட்டையில் அவரவர் துணி இருக்கும். ஒரு தடவை என் வீட்டுக்காரரும் மூன்றாம் மாடிக்காரரும் ஒரே கடையில், ஒரே ஆடித் தள்ளுபடியில், ஒரே நீலச் சட்டையை வாங்கியிருந்தார்கள். இன்றைக்கு மாட்டிக்கொண்டாள் என்று கீழே போய் நின்றேன். அவள் சிரித்தாள். "இது சாரோடதுக்கா. அவுரு பேனாவ மூடாம பாக்கெட்ல வெப்பாரு. தோ பாருங்க, புள்ளி." எங்கள் வீட்டுத் துணியை என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் இதனால்தான் நடந்தது.

நாங்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து சேக்காட்டில் வீடு வாங்கியவர்கள். அவள் இங்கேயே பிறந்தவள். எங்கள் கட்டடம் நிற்கும் இடத்தில் அவள் அம்மா நாற்று நட்டிருக்கிறாளாம். இதைக்கூட ஒரு குறையாகச் சொல்ல மாட்டாள். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொல்வாள். ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் அவள் வீடு. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அவள் புருஷன் உட்கார்ந்திருப்பார். இஸ்திரி போட்ட துணியை மடித்து அடுக்குவது அவர் வேலை. அம்பத்தூரில் ஒரு வார்ப்புப் பட்டறையில் இருபது வருஷம் மணல் தூசிக்குள் நின்றவர். நெஞ்சு போய்விட்டது. நாலு சட்டை மடித்தால் ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குவார்.

முன்பு அவளிடம் கரிப்பெட்டிதான் இருந்தது. எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் ஒருநாள் ஒருவர் எழுந்து, "வாசல்ல கரி எரிக்கறதால நம்ம காத்து கெட்டுப் போகுது, பூமி சூடாகுது, நம்ம பிள்ளைங்க எதிர்காலம் என்னாகறது?" என்று கேட்டார். அவருக்கு இரண்டு கார். ஒன்றில் அவர் ஆபீசுக்குப் போவார், இன்னொன்றில் அவர் மனைவி கரையான்சாவடி வரைக்கும் காய் வாங்கப் போவார். கேஸ் பெட்டிக்கு மாறாவிட்டால் வண்டி நிற்கக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நானும்தான் கை தூக்கினேன். மறுவாரமே அவள் கேஸ் பெட்டி வாங்கிவிட்டாள். "நல்லதுதான்கா. அவருக்கும் கரிப்புகை ஒத்துக்கல" என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அதற்கப்புறம் வந்த போகியில்தான் அவள் புருஷன் படுக்கையில் விழுந்தார்.

எங்கள் ஊர்ப் பக்கம் போகி என்றால் வீட்டைக் கழுவி வெள்ளையடித்து, வாசலில் பூளைப்பூவும் வேப்பிலையும் செருகுவதோடு சரி. இங்கே வந்துதான் இந்தத் தீயைப் பார்த்தேன். விடியற்காலையில் தெருவுக்குத் தெரு பாயும் தலையணையும் டயரும் ஒன்றாக எரியும். குழந்தைகள் சுற்றி நின்று மோளம் தட்டும். அந்த வருஷம் எங்கள் கேட் வாசலிலும் எரித்தோம். எட்டு மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. புங்கை மரம் பதினோரு நாள் வண்டியில்லாமல் நின்றது.

வந்தபோது அவள் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. ஆஸ்பத்திரியில் மூச்சுவிடக் குழாய் வைத்து இழுத்துப் பிடித்தார்களாம். இன்னொரு தடவை இப்படி ஆனால் கையை விரித்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அக்கா, வருசத்துல மத்த நாளெல்லாம் நான் பாத்துக்குவேன். அந்த ஒரு நாளு மட்டும் எனக்கு பயம். நீங்க சொன்னா கேப்பாங்க. படிச்சவங்க நீங்க. எரிக்க வோணாம்னு சொல்லுங்கக்கா."

நான் அப்போது அசோசியேஷன் செயலாளர். யாருமே வரமாட்டேன் என்றதால் ஆனவள். ஆனாலும் செயலாளர் செயலாளர்தானே. "அடுத்த போகிக்குப் பாரு, ஒரு பொறி பறக்க விடமாட்டேன்" என்றேன். என் வீட்டுக்காரர் மாடியிலிருந்து கேட்டிருக்கிறார் போல. "பெரிய வாக்கெல்லாம் குடுக்காத. இந்த ஊர் உன் வீட்டு அடுப்பா, நீ அணைச்சதும் அணையறதுக்கு?" என்றார். வாயை மூடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கார்த்திகை முடியும்போதே ஆரம்பித்தேன். வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், லிஃப்டில் ஒட்டினேன், கீழே கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டேன். என்னென்ன பேசினார்கள் என்கிறீர்கள்! "வருஷம் பூரா பாக்டரிக்காரன் புகை விடறான், அவனைக் கேளுங்க முதல்ல." "நாம ஒருத்தர் எரிக்கலேன்னா பூமி குளுந்துடப் போகுதா மேடம்?" "தீபாவளிக்கு வெடி வேணாம், போகிக்கு நெருப்பு வேணாம், அப்புறம் பொங்கலுக்கு அடுப்பு வேணாம்னு சொல்வீங்க." "அமெரிக்காக்காரன் ஒருத்தன் விடற புகை நம்ம தெருவே விடற புகை." ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் உலகம் கெட்டுப்போனது தெரிந்திருந்தது. ஒருத்தர்கூட, நான் ஒரு பாயை எரிக்காமல் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. "உலகத்தை விடுங்க. கீழ துணி மடிக்கிறவர் செத்துருவாரு" என்று கத்திவிட்டேன்.

பிறகு அந்த இரண்டு கார் வைத்திருந்தவர்தான் கேட்டார். "சரி மேடம். பழசைக் கழிக்கணும்னுதானே போகி? அதை எங்க கொண்டு போய்ப் போடறது? அதுக்கு வழி சொல்லுங்க, எரிக்கல."

அதுவும் நியாயம்தான். நானே வழி சொன்னேன். போகிக்கு நாலு நாள் முன்னாலிருந்தே எல்லாரும் கழிப்பதைக் கீழே கொண்டுவந்து வையுங்கள், மொத்தமாக மறுசுழற்சிக்கு அனுப்பிவிடலாம் என்றேன். கை தட்டினார்கள்.

அடேயப்பா, அந்த நாலு நாள்! எரிப்பதாக இருந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு கிழிந்த பாய், ஒரு முறம், அவ்வளவுதான் வெளியே வந்திருக்கும். நல்ல காரியத்துக்கு என்றதும் ஆளாளுக்குக் கை நீண்டுவிட்டது. ஃபோம் மெத்தை வந்தது. ரெக்ஸின் சோபா, சக்கரம் போன சூட்கேஸ், நாலு கார் டயர், பிளாஸ்டிக் பூச்சாடி, குழந்தை வளர்ந்துபோன வீட்டு ரப்பர் பாய். இன்னும் இரண்டு வருஷம் உழைத்திருக்கும் பொருளெல்லாம்கூட வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. ஹாலில் தொங்கிய ஆரஞ்சுப் பூப் போட்ட ஸ்கிரீனை எத்தனை நாளாகவோ மாற்றவேண்டும் என்று இருந்தேன். கழற்றிக்கொண்டுபோய் மேலே போட்டேன். குவியல் என் தலைக்கு மேலே நின்றது. பார்க்கவே பெருமையாக இருந்தது, படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.

போகிக்கு முந்தின நாள் மத்தியானம் வாட்ச்மேன் ஒரு குட்டியானை, அதுதான் சின்ன லோடு வண்டி, அதன் வண்டிக்காரரைக் கூட்டிவந்தார். அன்பாகப் பேசினார் அந்த ஆள். "எங்க கொண்டு போவீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் எடம் கீதுக்கா. நீங்க ஒண்ணியும் கவலப்படாதீங்க" என்றார். அவர் சொன்னபடியே நான் ஒன்றுக்கும் கவலைப்படவில்லை. எந்த இடம் என்று இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். வாயில் வந்தது, ஆனால் குவியல் போனால் போதும் என்றிருந்தது.

மறுநாள் காலை எங்கள் கேட் வாசலில் கோலம் மட்டும் இருந்தது. "புகையில்லாப் போகி" என்று தலைப்புப் போட்டு அந்தக் கோலத்தைக் குழுவில் போட்டேன். பூங்கொத்தும் கைதட்டலுமாக வந்து விழுந்தது. ஆறு மணிவாக்கில் ஏரிப் பக்கமிருந்து ரப்பர் நாற்றம் வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசியைப் போட்டேன். "இந்தப் பக்கத்துத் தெருக்காரங்க மட்டும் திருந்தவே மாட்டாங்க" என்று ஒருவர் குழுவில் எழுதினார். நானும் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டேன்.

பொங்கல் போயிற்று, மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் போயின. வண்டி வரவில்லை. ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். இங்கேயே பிறந்தவளுக்கு எந்த ஊர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து வண்டி வந்தது, ஸ்டூல் வரவில்லை.

"அவர் எங்கம்மா?"

"ஊட்ல கீறாரு. ஆக்சிசன் மிசினு வெச்சிக்கிது. மூக்குல டியூபு. கக்கூசுக்குப் போறதுக்கே புடிச்சிகினு போவணும்."

"நாமதான் எரிக்கலையே!"

அவள் ஒரு பேன்ட்டை முடித்து மடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அக்கா, உங்க ஹால் ஸ்கிரீனு, ஆரஞ்சுப் பூ போட்டது, அத்த தூக்கிப் போட்டீங்களா?"

ஆமாம் என்றேன்.

அவள் சொல்லச் சொல்லத்தான் விஷயம் புரிந்தது. வண்டிக்காரர் விலை போவதை எடுத்துக்கொண்டு, விலை போகாத மெத்தையையும் டயரையும் துணியையும் ஏரிக்கரைக் காலி இடத்தில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். அவள் தெருமுனை அது. அவள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. சாயங்காலமே பார்த்துவிட்டாள்.

"பாத்தவொடனே தெரிஞ்சிடுச்சிக்கா. உங்க ஸ்கிரீனு. மூணாவது மாடி அம்மாவோட கட்டம் போட்ட பெட்சீட்டு. ரெண்டு கார் சாரோட பழைய கோட்டு. வேற எவனாவது கொட்டியிருந்தா அங்கியே கத்தி ஊரக் கூட்டியிருப்பேன். போலீசாண்ட போயிருப்பேன். இது அக்கா அனுப்பிச்சது, எதுனா ஏற்பாடு பண்ணியிருப்பாங்க, காலைல வேற வண்டி வந்து எடுத்துகினு போவும்னு இருந்துட்டேன். தெரு பசங்ககிட்டகூட சொன்னேன், டேய், இது அக்கா ஊட்டுதுடா, தொடாதீங்கடான்னு. சிரிச்சானுங்க, விடிகாலைல கொளுத்திட்டானுங்க. அவனுங்க மோளம் வாங்கி வெச்சிகினு கீறானுங்க, அவனுங்களுக்கு இன்னா தெரியும்?"

நான் அந்த மரத்தில் கை வைத்து நின்றேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். அப்படிச் சொன்னால்கூட என் தப்பு வேடிக்கைபோல ஆகிவிடும். எங்கள் அறுபத்தி நாலு வீடும் கேட் வாசலில் எரித்திருந்தால் அவளுக்கு வந்து சேரும் புகை கொஞ்சம். நான் அதைச் சேர்த்து, கூட்டி, மூன்று மடங்காக்கி, வண்டியில் ஏற்றி அவள் வாசலுக்கே அனுப்பியிருக்கிறேன்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "அடுத்த போகிக்கு உங்க வாசல்லியே எரிச்சிடுங்கக்கா. அங்க எரிஞ்சா நாலு தெருவுக்கும் பங்கு பிரிஞ்சி போவும். எங்க ஊட்டாண்ட மொத்தமா வோணாம்."

அன்றைக்கே குழுவில் நடந்ததை எழுதினேன். ஒரு வரி விடாமல் எழுதினேன், என் ஸ்கிரீன் உள்பட. கைகூப்பும் படம் நாலைந்து வந்தது. "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்" என்று ஒருவர். "வண்டிக்காரன் ஏமாத்திட்டான், அடுத்த தடவை வேற ஆளைப் பிடிக்கலாம்" என்று ஒருவர். அதற்குக் கீழேயே, "மாடித் தொட்டியில இன்னைக்குத் தண்ணி ஏத்தலையா?" என்று ஒருவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். விட்டதால் யாருக்கு என்ன ஆயிற்று, ஒன்றும் இல்லை.

வருஷம் ஓடிவிட்டது. இந்த மார்கழியில் புதுச் செயலாளர் மாடி ஏறி வந்தார். வானகரத்திலிருந்து குடிவந்த சின்ன வயதுக்காரர். "போன வருஷம் சூப்பரா பண்ணீங்களாமே மேடம். அந்த வண்டி நம்பர் இருக்கா?" என்றார். இல்லை என்றேன், ஏன் இல்லை என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்" என்று போனார். மறுநாளே கீழே குவியல் ஆரம்பித்துவிட்டது. நான் ஒன்றும் கொடுக்கவில்லை. என் வீட்டுப் பரணில் கிழிந்த மெத்தையும் உடைந்த நாற்காலியும் முட்டிக்கொண்டு கிடக்கின்றன. எரிக்கவும் மனமில்லை, கொடுக்கவும் ஆள் தெரியவில்லை. "இதையெல்லாம் நம்ம கூடவே கைலாசத்துக்கு எடுத்துட்டுப் போலாம்" என்றார் வீட்டுக்காரர்.

போகிக்கு மூன்று நாள் இருக்கும்போது துணி வாங்கக் கீழே போனேன். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் முகம் துடைத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? உங்க ஊட்ல அந்த உள் ரூம்ல ஏசி கீதுல்ல. அன்னிக்குக் காலைல மட்டும் அவர அங்க குந்த வெச்சிக்கலாமா? ஜன்னல் சாத்திகினா புகை வராது. மிசின நான் தூக்கியாந்துடுவேன். எட்டு மணிக்கெல்லாம் இட்டுகினு போயிடுவேன்."

பொங்கலுக்கு மகளும் மருமகனும் போகிக்கு முந்தின நாளே வருவதாக இருந்தது. அந்த அறையில்தான் படுப்பார்கள். கல்யாணமாகி வரும் முதல் பொங்கல். மருமகன் என்ன நினைப்பார், சம்பந்தி காதுக்குப் போனால் என்ன சொல்வார்கள், விடியற்காலையில் அவர்களை எழுப்பி ஹாலில் படுங்கள் என்று எப்படிச் சொல்வது, அந்த மனுஷர் இருமினால், கக்கூஸ் கேட்டால். இவ்வளவும் என் தலைக்குள் ஓடி முடிய மூன்று நொடி ஆகியிருக்குமா? பூமியைக் காப்பாற்றக் கூட்டம் போட்டவள் ஒரு நாற்காலி போட மூன்று நொடி யோசித்தேன்.

பேனாப் புள்ளியைக் கண்டுபிடிக்கிறவளுக்கு அது தெரியாமல் போகுமா?

"வோணாங்க்கா, சும்மாதான் கேட்டேன். அவருக்கு லிஃப்ட்டுல போனா தல சுத்தும்" என்றாள்.

"அய்யோ, அதெல்லாம் இல்லம்மா. கூட்டிட்டு வா. கண்டிப்பா கூட்டிட்டு வா" என்றேன். தேவைக்கு மேலேயே உரக்கச் சொன்னேன்.

"சரிக்கா" என்றாள்.

மகள் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மருமகன், "இதுல என்ன அத்தை இருக்கு?" என்று தானே பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று. போகியன்று நாலு மணிக்கே எழுந்தேன். அறையைத் துடைத்தேன், நாற்காலி போட்டேன், மிஷினுக்குப் பிளக் பாயின்ட் கிட்டே இருக்கிறதா என்று பார்த்தேன், ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகினேன், ஏசியைப் போட்டேன். ஐந்து மணிக்கு மோளம் ஆரம்பித்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஐந்தரைக்கு மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு அவள் தெருவுக்கே போனேன். வீடு பூட்டியிருந்தது. ஏரிக்கரையில் இந்த வருஷம் எங்கள் குவியல் இல்லை, அதையும் பார்த்துக்கொண்டேன். அப்படியானால் வேறு யார் வீட்டருகிலோ எரிந்துகொண்டிருக்கிறது. திரும்பி வந்து அந்தச் சில்லென்ற அறையில் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் வண்டி வந்தது. துணி மூட்டையோடு ஓட்டமாகக் கீழே இறங்கினேன்.

"எங்க போயிட்டீங்க? நான் காத்துக்கிட்டே இருந்தேன். அவர் எப்படி இருக்காரு?"

"நல்லா கீறாருக்கா." முகம் மலர்ந்து சொன்னாள். "மூணு மணிக்கே ஆட்டோ வெச்சிகினு கோயம்பேடு போயிட்டோம். ஆஸ்பத்திரில சின்ன சிலிண்டரு ஒண்ணு கெஞ்சி வாங்கியாந்தேன். மொத மெட்ரோல ஏறி குந்திட்டோம். இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும், எறங்கறது, டிக்கெட்டு எடுக்கறது, திரும்ப ஏறறது. கதவு சாத்திகினா ஒரு சொட்டு புகை இல்லக்கா. சில்லுனு இருந்துச்சா, அவுரு நல்லா தூங்கினே வந்தாரு. பத்து மணிக்குதான் ஊட்டுக்கு வந்தோம்."

"என் வீட்டுக்கு வந்திருக்கலாமேம்மா."

"உங்களுக்கு எதுக்குக்கா தொந்தரவு?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. மெய்யாகவே எனக்குத் தொந்தரவு வேண்டாம் என்றுதான் சொன்னாள். பிறகு என் கையிலிருந்த மூட்டையை வாங்கிப் பிரித்து, எத்தனை துணி என்று எண்ண ஆரம்பித்தாள்.